நோட்டீஸ் வந்த பிறகு ஓடியவள் சொல்கிறேன், மசோதாவிலேயே மறித்துவிடுங்கள்

2018, ஆடி முடிகிற நேரம். "உங்க கழனியில யாரோ மஞ்சக் கல்லு நட்டுட்டுப் போயிருக்காங்க பாப்பா, உனக்குத் தெரியுமா?" என்று பக்கத்து நிலத்துப் பெரியப்பா போன் செய்தார். நான் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பேருந்துத் தூரத்தில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். மின்வாரியம் கம்பம் போடுகிறது போல, நல்லதுதானே என்று நினைத்து, "சரி பெரியப்பா, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டேன். அந்த ஞாயிறும் போகவில்லை, அடுத்த ஞாயிறும் போகவில்லை. மூன்றாவது வாரம் அப்பா பெயருக்கு நோட்டீஸ் வந்தது. புறவழிச்சாலைக்காக எங்கள் நிலத்தில் 62 சென்ட் எடுக்கப் போகிறார்கள், ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தது. இதில் முதல் தப்பு என்னுடையது. கல் நட்ட அன்றே கிராம நிர்வாக அலுவலரிடம் போய், இது எந்தத் துறையின் கல், எந்தத் திட்டம், எந்தெந்த சர்வே எண்கள் என்று கேட்டிருந்தால் மூன்று வாரம் கூடுதலாகக் கிடைத்திருக்கும். எதற்கு என்று தெரியாத கல் ஒன்று உங்கள் நிலத்தில் முளைத்தால் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள்.

எங்களுடையது வடமாவட்டத்தில் ஓர் ஏரிப் பாசனக் கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் இருக்கிறோம். மொத்தம் 1 ஏக்கர் 40 சென்ட் நஞ்சை. சாலை குறுக்கே போனால் கிணறு ஒரு பக்கம், பெரிய துண்டு மறுபக்கம். அதைவிடப் பெரிய விஷயம், ஏரியின் இரண்டாவது மதகிலிருந்து வருகிற வாய்க்கால். எங்களுக்குக் கீழே முப்பது குடும்பத்துக்காவது அதுதான் தண்ணீர். அந்த வாய்க்காலைச் சாலை மேடு இரண்டு இடத்தில் வெட்டுகிறது என்று நீர்க்கட்டியாக, அதாவது ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுகிறவராக இருந்த தாத்தா ஒருவர் கைத்தடியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். வரைபடத்தில் அந்த வாய்க்காலே இல்லை. புறவழிச்சாலை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. டவுனுக்குள் லாரியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒரே ரோட்டில் நசுங்கிக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறவள் நான். ஆனால் கிழக்கே அரைக் கிலோமீட்டர் தள்ளினால் மேட்டுப் புஞ்சையும் தரிசும்தான். அந்த வழியை ஏன் பார்க்கவில்லை என்பதுதான் என் ஒரே கேள்வி. அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார், தம்பி மஸ்கட்டில். கேள்வியைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் கிளம்பினேன்.

ஆட்சேப மனுவை ஒரே இரவில் எழுதினேன். இரண்டு பக்கம் அழுகைதான். "பரம்பரைச் சொத்து", "வயதான தந்தை", "வாழ்வாதாரம்" எல்லாம் இருந்தது. வாய்க்காலைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் கடைசியில். விசாரணை நாளன்று வரிசையில் நாற்பது பேர், ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். நான் பேச ஆரம்பித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "ஏம்மா, நீங்க சொல்றது புரியுது. ஆனா இந்தச் சட்டத்துல நான் பார்க்க வேண்டியது இவ்வளவுதான்" என்றார். அப்போது எரிச்சலாக இருந்தது. அவர் உண்மையைத்தான் சொன்னார் என்பது பின்னால்தான் புரிந்தது. மனு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அழுகையை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போங்கள். மனுவில் சர்வே எண், புல வரைபட நகல், வாய்க்கால் எந்த மதகிலிருந்து புறப்பட்டு எத்தனை ஏக்கருக்குப் பாய்கிறது, மாற்று வழி எந்தெந்த சர்வே எண்கள் வழியாகப் போகலாம் என்பதெல்லாம் இருக்கட்டும். பாதிக்கப்படுகிற முப்பது பேரும் தனித்தனியாகக் கொடுங்கள். ஒரே மனுவில் முப்பது கையெழுத்து போட்டால் அது ஒரு மனுவாகத்தான் கணக்கு ஆகிறது. கொடுத்ததற்குத் தேதி, முத்திரையுடன் ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். நான் வாங்கவில்லை. பிறகு என் மனுவே கோப்பில் இல்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, மாற்று வழிகள் ஏதாவது பரிசீலிக்கப்பட்டதா, சமூகத் தாக்க மதிப்பீடு நடந்ததா என்று கேட்டேன். சுற்றி வளைத்து வந்த பதிலின் சாரம், இந்தச் சட்டத்தின் கீழ் அது தேவையில்லை. எந்தச் சட்டம்? அப்போதுதான் நோட்டீசின் தலைப்பை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001. நான் தொலைக்காட்சியில் கேள்விப்பட்டிருந்ததோ 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். நிலம் எடுப்பதற்கு முன்னால் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், கிராமசபையைக் கலந்து பேச வேண்டும், வேறு இடம் உண்டா என்று பார்க்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிற சட்டம். ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தியிருந்தாலும் அரசே போடுகிற சாலைக்கு எங்கள் சம்மதம் தேவைப்பட்டிருக்காது. தனியார் திட்டத்துக்கு 80 சதவீதம், அரசும் தனியாரும் கூட்டாகச் செய்வதற்கு 70 சதவீதம் பேரின் சம்மதம் என்ற விதி அரசுச் சாலைக்கு இல்லை. பாசன நிலத்தைக் கடைசி வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்கிற பிரிவும் சாலை, ரயில் போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்குப் பொருந்தாது. ஆனால் மதிப்பீட்டுக் குழு ஒன்று ஊருக்கு வந்திருக்கும். நீர்க்கட்டித் தாத்தா கைத்தடியால் போட்ட கோடு ஒரு காகிதத்தில் ஏறியிருக்கும். எனக்கு அது போதும். தமிழ்நாடு சட்டமன்றம் நெடுஞ்சாலைகள் சட்டம் உட்பட மூன்று மாநிலச் சட்டங்களை அந்த விதிகளிலிருந்து விலக்கி வைத்திருந்தது. நாங்கள் யாரும் கவனிக்காத ஒரு திருத்தம், 105-ஏ என்று பெயர்.

இப்போது நான் அவசரப்பட்டுப் பாயசம் வைத்த கதைக்கு வருகிறேன். 2019 ஜூலை 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த மூன்று சட்டங்களும் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததுமே அவை காலாவதியாகிவிட்டன, பின்னால் திருத்தம் கொண்டுவந்து உயிர் கொடுக்க முடியாது, 2013 செப்டம்பர் 27-க்குப் பிறகு அவற்றின் கீழ் எடுத்த நிலங்களில் ஏற்கெனவே பயன்பாட்டுக்கு வந்துவிட்டவை தவிர மற்றவை ரத்து. நான் வைத்திருந்த வக்கீல் போன் செய்தபோது கடையில் இருந்தேன். இன்சுலினைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன். வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்து, தெருவில் எட்டு வீட்டுக்குக் கொடுத்தேன். அப்பாவுக்கு ஒரு ஸ்பூன் ஊட்டினேன். அவருக்கு முழுசாகப் புரிந்ததா தெரியாது, சிரித்தார்.

அதே ஜூலை மாதத்தில், தீர்ப்பு வந்து மூன்று வாரம் ஆவதற்குள், அந்த மூன்று சட்டங்களையும் புதுப்பித்துச் செல்லுபடியாக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறிவிட்டது. 2013 செப்டம்பர் 26 முதலே செல்லும் என்று முன்தேதி போட்டு! அது எனக்குத் தெரியாது. என் வக்கீலும் சொல்லவில்லை, பெரியப்பாவுக்கும் தெரியாது, பாயசம் குடித்த எட்டு வீட்டுக்கும் தெரியாது. டிசம்பர் 2-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வந்தது. மறு வருடம் பொங்கல் கழித்துத்தான், "உங்க நிலம் மறுபடி உள்ளே வந்துடுச்சு மேடம்" என்று வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா சொன்னார். ஆறு மாதம் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன். அந்த நாள் வந்த கோபம் யார் மேல் என்றே எனக்குத் தெரியவில்லை. பிறகு பழைய நாளிதழ் ஒன்றைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மசோதா பற்றிய செய்தி உள்பக்கத்தில் என் உள்ளங்கை அளவுக்கு இருந்தது. அந்த நாளிதழ் எங்கள் கடைக்குத் தினமும் வருகிறது. அன்றைக்கு அதில்தான் யாருக்காவது மாத்திரை மடித்துக் கொடுத்திருப்பேன்.

2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றமும் அந்தப் புதுப்பிப்புச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. மாநில சட்டமன்றம் தனக்குள்ள அதிகாரத்தில், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு செய்திருக்கிறது, அவ்வளவுதான். நான் சட்டம் படித்தவள் இல்லை, அந்தத் தீர்ப்பைக் குறை சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது இதுதான்: சட்டமன்றம் ஒழுங்காகக் கையெழுத்து வாங்கி நிறைவேற்றிவிட்ட பிறகு கோர்ட்டில் போய் "இது நியாயமா" என்று கேட்டால், "அதிகாரம் இருந்ததா" என்பதற்குத்தான் பதில் வருகிறது. நியாயமா என்று கேட்கிற இடம் சட்டமன்றம், கேட்கிற நேரம் அது மசோதாவாக இருக்கிறபோது. நான் அந்த இடத்துக்குப் போகவே இல்லை, என்னிடம் யாரும் போகச் சொல்லவும் இல்லை.

தீர்ப்பு வரும்வரை நான் காத்திருக்கவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2020-இல் கொரோனா, அப்பாவுக்கு இரண்டாவது தடவை பக்கவாதம், ஆஸ்பத்திரிச் செலவு. நவம்பரில் இழப்பீட்டை வாங்கிக்கொண்டேன். 6,84,000 ரூபாய். ஊரில் அன்றைக்கு அந்த 62 சென்ட் 11 லட்சத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகும். ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால் பதில் நம் பீரோவிலேயே இருக்கிறது. இழப்பீடு அரசு நிர்ணயிக்கிற கைடுலைன் மதிப்பையும் பக்கத்தில் பதிவான கிரயப் பத்திரங்களையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். 2017 ஜூனில் தமிழ்நாடு முழுவதும் கைடுலைன் மதிப்பை 33 சதவீதம் குறைத்தபோது, பத்திரச் செலவு மிச்சம் என்று நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஐந்து லட்சத்துக்கு வாங்கிவிட்டு இரண்டு லட்சம் என்று பத்திரம் போடுவதும் எங்கள் ஊரில் சாமர்த்தியம்தான். அந்தச் சாமர்த்தியம் எல்லாம் சேர்ந்து இழப்பீட்டு நாளில் வந்து நின்றது. இன்னொன்று, எங்கள் பட்டா சித்தப்பாவின் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டா. பாகம் பிரித்து முப்பது வருடம் ஆகியும் உட்பிரிவு செய்யவில்லை. சித்தப்பா பையன் ஆட்சேபம் கொடுத்துவிட, பணத்தில் ஒரு பகுதி கோர்ட்டில் போய் உட்கார்ந்து பதினாலு மாதம் கழித்து வந்தது. வக்கீலுக்கு 60,000, பங்காளித் தகராறில் 40,000, நகல், பயணம், வில்லங்கச் சான்று வகையில் 22,000, சம்பளமில்லா விடுப்பு 31 நாள். பணத்தை வாங்குகிறபோது "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று வக்கீல் சொல்லிக் கொடுத்ததை மட்டும் சரியாகச் செய்தேன். கூடுதல் கேட்டு நீதிமன்றம் போகிற வழி அதனால்தான் எனக்குத் திறந்திருந்தது. அதற்கும் கெடு உண்டு, வாங்கிய அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். உட்பிரிவு, வாரிசுச் சான்று வேலைகளை எந்த நோட்டீசும் வராத நல்ல காலத்திலேயே முடித்துவிடுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு உங்கள் பங்காளி வேறு ஆள்.

சாலை 2022-இல் வந்தது. நல்ல சாலைதான், நானும் அதில்தான் பேருந்தில் போகிறேன். வாய்க்காலுக்கு ஓர் இடத்தில் குழாய் வைத்தார்கள், இன்னோர் இடத்தில் மூடிவிட்டார்கள். முதல் மழைக்கு மேல்பக்கம் நாற்று அழுகியது, கீழ்பக்கம் தண்ணீர் வரவில்லை. நீர்க்கட்டித் தாத்தா அதைப் பார்க்க இல்லை, அந்த வருடம் தையில் போய்விட்டார்.

2023 ஏப்ரல் 21. அன்று கடையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாள். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்கிற தொழிற்சாலைகள் திருத்த மசோதா, கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு என்று பரபரப்பு. கீழே ஓடிய எழுத்தில் இன்னொரு பெயர் வந்தது: தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) மசோதா. "நிலம்" என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு இப்போதெல்லாம் வயிறு பிசைகிறது. அன்று இரவே பேரவையின் இணையதளத்தில் தேடினேன். "மசோதா" என்று தேடியபோது கிடைக்கவில்லை. அரசு பாஷையில் அதற்குப் பெயர் "சட்டமுன்வடிவு". இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், பாதி வேலை மிச்சம். படித்தேன். 100 எக்டேருக்குக் குறையாத, உள்ளே நீர்நிலை, ஓடை, வாய்க்கால் இருக்கிற நிலத்தில் வருகிற உள்கட்டமைப்பு, தொழில், வணிகத் திட்டங்களை அரசு சிறப்புத் திட்டம் என்று அறிவிக்கலாம். அந்த நீர்நிலை நிலத்தைத் திட்டக்காரருக்கு விட்டுக்கொடுத்து, பதிலாக அவர் நிலத்தை வாங்கிக்கொள்ளலாம். குழு உண்டு, மக்களிடம் கருத்துக் கேட்பது உண்டு, நீர் கொள்ளளவு குறையக்கூடாது, நீரோட்டம் தடைப்படக்கூடாது என்ற நிபந்தனைகளும் உண்டு. காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஏரி இடுப்பு மாற்றி வைக்கிற குடமில்லை. சரிவு எங்கே, வரத்து எங்கே, கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரி எங்கே என்று பார்த்து வெட்டியது. ஒரு குழாய் வைத்து இன்னொரு குழாயை மறந்தவர்கள் கொள்ளளவைக் கணக்குப் பார்த்து ஏரியை இடம் மாற்றுவார்கள் என்று நான் எப்படி நம்புவேன்?

இரண்டு மசோதாவும் ஒரே நாளில் நிறைவேறியவை. பன்னிரண்டு மணி நேர மசோதாவுக்கு எதிராகத் தொழிற்சங்கங்கள் அத்தனையும் கட்சி பேதமில்லாமல் கிளம்பின. மூன்றே நாளில் அதை நிறுத்தி வைத்தார்கள், மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சரே அறிவித்தார். நில மசோதாவை எதிர்த்து விவசாயச் சங்கங்களும் சூழல் அமைப்புகளும் பேசின, ஆனால் அந்த அளவுக்கு ஊர் கூடவில்லை. அது ஆகஸ்டில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றுச் சட்டமானது. நிறைவேறிய மசோதாகூடத் திரும்பிப் போகும் என்று அந்தப் பத்து நாளில் கண்ணால் பார்த்தேன். எங்கள் தரப்பில் சத்தம் போதவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை, ஆனால் தெரியாமல் செய்ததால் பாதி வீண். எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொண்டுபோனேன். மசோதா ஏற்கெனவே நிறைவேறிவிட்டதே என்றார்கள், சரியான பதில். அவையில் இருக்கும்போது போயிருந்தால், இதை எம்.எல்.ஏ.க்கள் சிலர் அடங்கிய தெரிவுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள், அவசரமில்லாமல் அலசட்டும் என்று கேட்டிருக்கலாம். எம்.எல்.ஏ. எந்தக் கட்சியாக இருந்தாலும் "எதிர்த்து ஓட்டுப் போடுங்கள்" என்பதைவிட "தெரிவுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்" என்பது அவர் வாய்க்கு எளிதாக வருகிற வார்த்தை. ஆளுநருக்கும் எழுதலாம், திருப்பி அனுப்பலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் எழுதவில்லை. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய அவையைத் தாண்டி, ஓட்டு வாங்காத ஒருவரிடம் போய் நிற்பது எனக்கு உவப்பில்லை. நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

மே 1 கிராமசபையில் தீர்மானம் கொண்டுவர முயன்றேன். எங்கள் ஏரி, அதன் வரத்துக் கால்வாய், பாசன வாய்க்கால்கள் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும், இந்த மசோதாவைத் திரும்பப் பெற வேண்டும் என்று அரைப் பக்கம். தலைவர் நல்ல மனுஷன், ஆனால் "மேலே இருந்து கேள்வி வரும்மா" என்று தயங்கினார். கூட்டத்தில் 34 பேர் கை தூக்கினார்கள். பதிவேட்டில் அதைத் தீர்மானம் என்று எழுதாமல், "கோரிக்கையாகப் பெறப்பட்டது" என்று எழுதிவிட்டார்கள். நான் அதை மறுநாள்தான் பார்த்தேன். கூட்டம் கலைவதற்கு முன்னால் பதிவேட்டை வாங்கிப் படித்து, எண் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராமசபை இருக்கிறது. தீர்மானத்தை ஒரு வாரம் முன்னாலேயே எழுத்தில் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மானம் போட்டால் மசோதா நின்றுவிடாது, அந்தப் பிரமை எனக்கில்லை. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் கிராமசபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டும் திட்டம் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் அந்த ஊருக்கு ஏரியும் கால்வாயும் இருக்கின்றன என்பதை இனி யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது. என் ஊர் வாய்க்காலுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

வளர்ச்சிக்கு எதிரானவள் என்று என்னைச் சொல்லாத உறவினர் இல்லை. அவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். சென்னையில் பேருந்து, ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிட ஓர் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் வேண்டும் என்று 2010-இல் சட்டம் வந்தது. அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். திட்டமிட்டுச் செய் என்கிற சட்டத்துக்குப் பன்னிரண்டு வருடம். திட்டமிடாமலே எடுத்துக்கொள்ள வழிவிடுகிற மசோதா அவையில் நிறைவேற மூன்று வாரம்கூட ஆகவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த வேகக் கணக்கு மாறவில்லை. 2019-இல் ஒரு கட்சி, 2023-இல் இன்னொரு கட்சி. அதனால் இதைக் கட்சிச் சண்டையாக்கி வைக்காதீர்கள், ஊரில் பாதிப் பேர் கூட வரமாட்டார்கள்.

இன்னொரு வாய்ப்பையும் தவறவிட்டோம். சட்டம் வந்த பிறகு அதற்கு விதிகள் எழுத வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். நில ஒருங்கிணைப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்டில் ஒப்புதல், நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபரில். நடுவில் பதினாலு மாதம். பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு எத்தனை நாள் அவகாசம், அறிவிப்பு கிராமத்தில் எங்கே ஒட்டப்பட வேண்டும், வரைபடத்தில் பாசன வாய்க்காலைக் காட்ட வேண்டுமா என்பதையெல்லாம் துறைச் செயலாளருக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். நான் அந்தப் பதினாலு மாதமும் சட்டம் வந்துவிட்டதே என்று சோர்ந்து கிடந்தேன்.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், பேரவை கூடுகிற நாட்களில் காலையில் கடை திறந்ததும் அன்றைய நிகழ்ச்சி நிரலைப் போனில் பார்க்கிறேன், பத்து நிமிடம்தான் ஆகிறது. நிலம், நீர், நகர ஊரமைப்பு, நெடுஞ்சாலை என்று ஏதாவது சட்டமுன்வடிவு இருந்தால் எங்கள் பாசனக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். கூட்டத்தொடரின் கடைசி இரண்டு நாள் வேறு எதையும் பார்ப்பதில்லை, மூட்டையாக வருவது அப்போதுதான். வரிசையாக மனு கொடுத்து, மூடிய இடத்தில் ஒரு குழாய் வைக்கச் செய்தோம். தண்ணீர் வருகிறது, ஆனால் கடைமடைக்கு நாலு நாள் தாமதமாக. பெரியப்பாவுக்கு எழுபத்தாறு வயது, வாட்ஸ்அப் படிக்க வராது. அவர் மாசத்துக்கு ஒருமுறை போன் செய்கிறார். "பாப்பா, சட்டசபை கூடுதாமே, நம்ம சமாச்சாரம் ஏதாச்சும் வருதா?"